ஜெனரேட்டரில் சிறிய வெல்டிங் மெஷினை இயக்குவது: முழுமையான வழிகாட்டி

மின் இணைப்பு எட்டாத இடத்தில் ஒரு கேட்டையோ, வேலிக் கம்பத்தையோ, கூரைச் சட்டத்தையோ வெல்டிங் செய்ய வேண்டியிருந்தால், எடுத்துச் செல்லக்கூடிய ஜெனரேட்டரும் தோளில் மாட்டிக்கொள்ளும் அளவிலான இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினும் போதும். ஆனால் இந்த இரண்டையும் பொருத்தம் பார்க்காமல் இணைப்பவர்கள் வெல்டிங் மெஷினையோ, ஜெனரேட்டரில் வோல்டேஜைச் சீராக வைக்கும் ஏ.வி.ஆர். பலகையையோ, சில வேளைகளில் இரண்டையுமே இழக்கிறார்கள். ‘ஐந்து கேவிஏ ஜெனரேட்டர்தானே, சின்ன மெஷின்தானே’ என்று எண்களை மேலோட்டமாக ஒப்பிட்டு இறங்குவதுதான் இதற்குக் காரணம்.

பல்பு, மின்விசிறி, ஹீட்டர் போன்றவை சீரான சுமைகள். வெல்டிங் அப்படிப்பட்டதன்று. உருகி நிரப்பும் வெல்டிங் கம்பியான ராடு இரும்பைத் தொடும் கணத்தில் சுமை பூஜ்யத்திலிருந்து முழு அளவுக்கு எகிறுகிறது. ராடைத் தூக்கிய கணத்தில் மீண்டும் பூஜ்யத்துக்கு விழுகிறது. ஒரு மணி நேர வேலையில் இது நூறு முறைக்கு மேல்கூட நடக்கலாம். பொதுமின் வழங்கலுக்கு இது ஒரு பொருட்டே இல்லை; ஆனால் ஒற்றை சிலிண்டர் எஞ்சினுக்கு ஒவ்வொரு முறையும் இது ஓர் அடி. ஜெனரேட்டரின் அளவைத் தேர்ந்தெடுப்பது, கேபிளின் தடிமனை முடிவு செய்வது, மெஷினின் குமிழ்களை அமைப்பது, எதை முதலில் ஆன் செய்வது, எதை முதலில் ஆஃப் செய்வது என்று கீழே சொல்லப்படும் எல்லாமே அந்த அடியைத் தாங்குவதற்கும் தணிப்பதற்குமான ஏற்பாடுகளே.

முதல் படி: ஆர்க்குக்கு உண்மையில் எவ்வளவு சக்தி வேண்டும் என்று கணக்கிடுதல்

ஜெனரேட்டரின் பெயர்ப்பலகையை விட்டுவிட்டு, செய்யப்போகும் வேலையிலிருந்து கணக்கைத் தொடங்குவது நல்லது. எந்தத் தடிமன் ராடு, அதற்கு எத்தனை ஆம்பியர் என்பதே முதல் கேள்வி. பொதுப் பயன்பாட்டுக்குரிய 6013 வகை ராடில் 2 மி.மீ. தடிமனுக்கு ஏறத்தாழ 40 முதல் 60 ஆம்பியரும், 2.5 மி.மீ.க்கு 60 முதல் 90 ஆம்பியரும், 3.15 மி.மீ.க்கு 90 முதல் 130 ஆம்பியரும் தேவைப்படும்.

ராடு வெல்டிங்கில் ஆர்க்கின், அதாவது ராடின் நுனிக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்பொறியின், வோல்டேஜைக் கணக்கிட, மின்னோட்டத்தை 0.04 ஆல் பெருக்கி அதனுடன் 20 ஐக் கூட்டுவது சர்வதேசத் தரநிலையில் உள்ள வழக்கம். இதன்படி 80 ஆம்பியரில் ஆர்க்கின் வோல்டேஜ் 23.2, இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 1,860 வாட். இது ஆர்க்குக்கு மட்டும் போய்ச் சேரும் சக்தி. வெல்டிங் மெஷின் தனக்குள்ளே கொஞ்சம் சக்தியை வெப்பமாக இழக்கிறது. சாதாரண இன்வெர்ட்டர் மெஷினின் செயல்திறனை 80 சதவீதம் என்று கொண்டால், அது ஜெனரேட்டரிடமிருந்து இழுப்பது 2,320 வாட்.

பலர் இத்துடன் கணக்கை முடித்துவிடுகிறார்கள். பவர் ஃபேக்டர் என்ற இன்னொரு படி இருக்கிறது: வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வரும் அளவில் (விஏ; ஆயிரம் விஏ ஒரு கேவிஏ) எவ்வளவு பங்கு உண்மையான வாட்டாகிறது என்பதே அது. பெரும்பாலான தவறுகள் அங்கேதான் நேர்கின்றன. குறைந்த விலை இன்வெர்ட்டர் மெஷின்களின் உள்ளே, மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் டயோடுகளும் அதைச் சேமிக்கும் பெரிய கெப்பாசிட்டர்களும் இருக்கின்றன. இந்த அமைப்பு, மின்னலையின் முழு நீளத்திலும் சீராக மின்னோட்டத்தை வாங்குவதில்லை. அலையின் உச்சியில் மட்டும் குறுகிய, கூர்மையான இழுப்பாக வாங்குகிறது. இதனால் பவர் ஃபேக்டர் 0.6 முதல் 0.7 வரையிலேயே நிற்கிறது. 0.65 என்று எடுத்துக்கொண்டால், 2,320 வாட் தேவைக்கு ஜெனரேட்டரின் சுருள் தாங்க வேண்டியது ஏறத்தாழ 3,570 விஏ. 230 வோல்ட்டில் இது 15.5 ஆம்பியர்.

இதே கணக்கை 3.15 மி.மீ. ராடுக்கு, 110 ஆம்பியரில் போட்டால், ஆர்க்கில் 2,684 வாட், உள்ளீட்டில் 3,355 வாட், ஜெனரேட்டரின் பார்வையில் 5,160 விஏ, அதாவது 22 ஆம்பியருக்குச் சற்று மேல் என்று வரும். பவர் ஃபேக்டர் திருத்தம் உள்ளமைந்த, பெயர்ப்பலகையில் ‘பிஎஃப்சி’ என்று குறிப்பிடப்பட்ட மெஷினாக இருந்தால், அதே 110 ஆம்பியருக்கு ஏறத்தாழ 3,420 விஏ போதும். ஜெனரேட்டரில்தான் அதிகம் வேலை செய்யப்போகிறோம் என்றால், பிஎஃப்சி உள்ள மெஷினுக்குக் கூடுதலாகச் செலவிடுவதே என் தெளிவான பரிந்துரை. பெரிய ஜெனரேட்டரைச் சுமந்து திரிவதைவிட அது எல்லா வகையிலும் மேலானது. அது பெரும்பாலும் அகலமான உள்ளீட்டு வோல்டேஜ் எல்லையையும் தாங்கும் என்பது கூடுதல் பலன்.

கம்பி தானாக ஊட்டப்படும் மிக் வெல்டிங்கில் ஆர்க்கின் வோல்டேஜ் குறைவு: மின்னோட்டத்தை 0.05 ஆல் பெருக்கி 14 ஐக் கூட்ட வேண்டும். உருகாத டங்ஸ்டன் முனையால் செய்யும் டிக் வெல்டிங்கில் இன்னும் குறைவு: 0.04 ஆல் பெருக்கி 10 ஐக் கூட்ட வேண்டும். அதே 100 ஆம்பியருக்கு ராடு வெல்டிங்கின் ஆர்க் 2,400 வாட்டும், மிக் 1,900 வாட்டும், டிக் 1,400 வாட்டும் எடுத்துக்கொள்ளும். சிறிய ஜெனரேட்டர்தான் கையில் இருக்கிறது என்றால் மெல்லிய தகடுகளுக்கு டிக் முறை ஏன் எளிதாக ஓடுகிறது என்பதற்கு இதுவே விடை.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின்களைப் பற்றி ஒரு வார்த்தை. செயல்திறனும் பவர் ஃபேக்டரும் குறைவாக இருப்பதால், அவை அதே ஆர்க்குக்கு இன்வெர்ட்டர் மெஷினைவிட வெகு அதிகமான விஏ கேட்கும். போதாக்குறைக்கு, சிலவற்றில் பவர் ஃபேக்டரைத் திருத்த உள்ளேயே கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். ஆர்க் இல்லாத நேரத்தில் அது ஜெனரேட்டரின் வோல்டேஜை உயர்த்திவிடக்கூடும் என்பதால், தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் முறையில் அதைக் கழற்றிய பிறகே இணைக்க வேண்டும். சிறிய ஜெனரேட்டருக்கு இந்த வகை மெஷின் பொருந்தாது.

இரண்டாம் படி: பெயர்ப்பலகைகளைச் சரியாகப் படித்தல்

வெல்டிங் மெஷினின் பெயர்ப்பலகையில் இரண்டு உள்ளீட்டு மின்னோட்டங்கள் குறிப்பிடப்பட்டிருக்கும். ஒன்று அதிகபட்ச மின்னோட்டம். மற்றொன்று பயனுறு மின்னோட்டம். இரண்டாவது எண், அதிகபட்ச மின்னோட்டத்தை டியூட்டி சைக்கிளின் வர்க்கமூலத்தால் பெருக்கிப் பெறப்படுவது. பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் மட்டும் வெல்டிங் செய்யலாம் என்ற 30 சதவீத டியூட்டி சைக்கிளில், அதிகபட்சம் 30 ஆம்பியர் என்றால் பயனுறு மின்னோட்டம் ஏறத்தாழ 16.4 ஆம்பியராக இருக்கும். சுவருக்குள் போகும் வயர் எவ்வளவு சூடாகும் என்று பார்க்க இந்த எண் பயன்படும். ஏனெனில் சூடு என்பது நேரம் சார்ந்த சராசரி. ஜெனரேட்டரின் எஞ்சினுக்குச் சராசரி என்ற சலுகை கிடையாது; ஆர்க் எரியும் அந்த நொடியில் முழு 30 ஆம்பியரையும் அது கொடுத்தாக வேண்டும். ஆகவே ஜெனரேட்டரைத் தேர்வு செய்யும்போது அதிகபட்ச எண்ணையே கணக்கில் கொள்ள வேண்டும். 160 ஆம்பியர் மெஷினை 80 ஆம்பியரிலேயே எப்போதும் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் மட்டும், பெயர்ப்பலகையை விட்டு, மேலே சொன்ன கணக்கைப் பின்பற்றலாம்.

ஜெனரேட்டரின் பக்கம் வந்தால், பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் சில நொடிகளுக்கு மட்டும் தரக்கூடிய உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடிய அளவு சிறிய எழுத்தில், பெயர்ப்பலகையில் இருக்கும். அதையே பாருங்கள். கேவிஏ, கிலோவாட் இரண்டும் வேறு வேறு: கேவிஏ என்பது சுருளின் எல்லை, கிலோவாட் என்பது எஞ்சினின் எல்லை. 0.8 பவர் ஃபேக்டர் என்று குறிக்கப்பட்ட 5 கேவிஏ ஜெனரேட்டரின் எஞ்சின் 4 கிலோவாட் தரும். வெல்டிங் மெஷின் இந்த இரண்டு எல்லைகளுக்குள்ளும் அடங்க வேண்டும்.

கணக்கில் வந்த விஏ அளவுடன் 25 முதல் 30 சதவீதம் வரை கூடுதலாக வைத்துக்கொள்வது என் வழக்கம். 2.5 மி.மீ. ராடை 80 ஆம்பியரில் எரிக்க 3,570 விஏ என்றால், தொடர் அளவில் 4.6 கேவிஏ, நடைமுறையில் 5 கேவிஏ ஜெனரேட்டர். 3.15 மி.மீ. ராடுக்குச் சாதாரண மெஷினில் 7 கேவிஏ அளவும், பிஎஃப்சி மெஷினில் 5 கேவிஏ அளவும் வேண்டும். 2 கேவிஏ அளவிலான சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டரில் (மின்னணுச் சுற்று வழியாக மின்சாரம் தரும் வகை) 2 மி.மீ. ராடை 50 ஆம்பியரில், அதுவும் பிஎஃப்சி மெஷினில் எரிக்கலாம்; அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

உயரமும் வெயிலும் இந்தக் கணக்கைக் குறைக்கும். சாதாரண எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 3 முதல் 3.5 சதவீத சக்தியை இழக்கிறது. 1,500 மீட்டர் உயரமுள்ள மலைப்பகுதியில் ஐந்து கேவிஏ என்பது நான்கேகால் கேவிஏதான்.

பலர் கவனிக்காத இன்னொரு முட்டுக்கட்டை, ஜெனரேட்டரின் பிளக் பாயின்ட். ஏழு கேவிஏ ஜெனரேட்டராக இருந்தாலும், அதில் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்றிலிருந்து 230 வோல்ட்டில் 3,680 விஏ மட்டுமே எடுக்கலாம். இரண்டு சாக்கெட்டுகள் இருப்பதால் அவற்றைச் சேர்த்து ஒரே மெஷினுக்குக் கொடுக்க முடியாது. 22 ஆம்பியர் இழுக்கும் மெஷினுக்கு 32 ஆம்பியர் சாக்கெட் உள்ள ஜெனரேட்டரே வேண்டும். பிளக்கை மாற்றி எப்படியோ சொருகிவிட்டால் பிரேக்கர் விழும். அது விழாவிட்டால் சாக்கெட் உருகும். 110 அல்லது 120 வோல்ட் புழங்கும் நாடுகளில் அதே விஏ தேவைக்கு ஆம்பியர் இருமடங்காகும் என்பதால், ஜெனரேட்டரில் 240 வோல்ட் சாக்கெட் இருந்து மெஷினும் அதை ஏற்குமானால் அதில் இணைப்பதே சரி.

மூன்றாம் படி: ஜெனரேட்டரின் வகையை அறிதல்

சாதாரண ஜெனரேட்டரில் எஞ்சினின் வேகமே மின்னலையின் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கிறது: 50 ஹெர்ட்ஸுக்கு நிமிடத்துக்கு 3,000 சுற்று, 60 ஹெர்ட்ஸுக்கு 3,600 சுற்று. வோல்டேஜைக் கட்டுப்படுத்த, மலிவான சிலவற்றில் வெறும் கெப்பாசிட்டரும், மற்றவற்றில் ஏ.வி.ஆர். என்ற மின்னணுப் பலகையும் இருக்கும். வெல்டிங்குக்கு ஏ.வி.ஆர். உள்ளதையே தேர்ந்தெடுங்கள். கெப்பாசிட்டர் வகையில் சுமை ஏறினால் வோல்டேஜ் ஆழமாக விழும். சுமை நீங்கினால் உயரும்.

அந்த உயர்வே வெல்டிங் மெஷினின் உண்மையான எதிரி. மேட்டில் பாரவண்டியை இழுக்கும் மாடு, கயிறு அறுந்தால் முன்னே பாய்வதுபோல, ஆர்க் அறுந்த கணத்தில் எஞ்சின் வேகமெடுக்கிறது; எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் த்ரோட்டிலை மூடி அதைக் கட்டுக்குள் கொண்டுவரச் சிறிது நேரம் பிடிக்கிறது. அந்த இடைவெளியில் வோல்டேஜ் எகிறுகிறது. 230 வோல்ட்டில் மெஷினுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களில் ஏறும் நேர்மின்னழுத்தம் 325 வோல்ட்; ஜெனரேட்டர் 270 வோல்ட்டைத் தொட்டால் அது 380 ஐத் தாண்டும். பொதுவாக இந்த கெப்பாசிட்டர்கள் 400 அல்லது 450 வோல்ட் வரைதான் தாங்கும். வேலை முழுவதும் நன்றாக எரிந்த மெஷின், ராடைத் தூக்கியதும் ‘பட்’ என்ற சத்தத்துடன் அணைந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான் நிகழ்கிறது.

இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் தரும் மின்னலை தூய்மையானது; வோல்டேஜும் சீரானது. அது மெஷினுக்கு நல்லது. ஆனால் மிகைச்சுமையில் அது கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. எல்லையைத் தாண்டிய உடனே தன்னை அணைத்துக்கொள்ளும். ஆகவே அதில் ஒதுக்கு அளவு இன்னும் தாராளமாக இருக்க வேண்டும். எரிபொருளைச் சேமிக்க எஞ்சினின் வேகத்தைக் குறைக்கும் ‘ஈகோ’ சுவிட்ச் இருந்தால், வெல்டிங் செய்யும்போது அதைக் கட்டாயம் ஆஃப் செய்துவிட வேண்டும். ஆர்க் பிடிக்கும் கணத்தில் எஞ்சின் தூங்கிக்கொண்டிருக்கக் கூடாது. டிக் மெஷினில் உயர் அதிர்வெண் தீப்பொறியால் ஆர்க் பிடிக்கும் வசதியை விட்டுவிட்டு, தொட்டுத் தூக்கும் முறையைப் பயன்படுத்துங்கள். அந்தத் தீப்பொறியின் இடையூறு ஜெனரேட்டரின் மின்னணுவியலைக் குழப்பக்கூடும்.

நான்காம் படி: ஜெனரேட்டரை வைக்கும் இடம்

இதில் சமரசத்துக்கு இடமே இல்லை. எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் மயக்கமும் வந்த பிறகு எழுந்து வெளியே நடக்கும் வலு இல்லாமல் போகலாம். வீட்டுக்குள், கார் நிறுத்தும் கூடத்தில், பாதி திறந்த ஷெட்டில் எங்கேயும் ஜெனரேட்டரை ஓட்டக் கூடாது. கதவைத் திறந்து வைத்தாலும், மின்விசிறி போட்டாலும் போதாது. கதவு, ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, சைலன்சர் ஆட்களுக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்க, காற்று புகையை அடித்துச் செல்லும் திசையில் வைக்க வேண்டும்.

வெல்டிங்கில் இன்னொரு காரணமும் சேருகிறது. வெல்டிங், கிரைண்டிங் பொறிகள் 11 மீட்டர் வரை தெறிக்கலாம் என்பதை வைத்தே தீப்பாதுகாப்பு விதிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. பெட்ரோல் டேங்க் உள்ள எஞ்சினையும் எரிபொருள் கேனையும் அந்தத் தூரத்துக்கு அப்பால் வைப்பதே முறை. இடம் போதாவிட்டால் பொறிகளைத் தடுக்கும் தீப்பிடிக்காத திரை வேண்டும். எரிபொருள் நிரப்ப எஞ்சினை நிறுத்தி, ஆற விட்டு, அந்த நேரத்தில் வெல்டிங்கையும் நிறுத்த வேண்டும்.

தரை சமமாக இருக்கட்டும். சாய்வில் வைத்தால் எண்ணெய் போதுமான அளவு இருந்தும் ஆயில் சென்சார் எஞ்சினை நடுவில் அணைத்துவிடும். மழையில் இயக்கக் கூடாது; ஈரத் தரையில் நின்று வெல்டிங் செய்யவும் கூடாது.

ஐந்தாம் படி: கேபிள்

ஜெனரேட்டரைத் தள்ளி வைத்ததும் கேபிள் நீள்கிறது. எந்தக் கேபிளை நீட்டுவது என்பது முக்கியமான கேள்வி. மெஷினை வேலை நடக்கும் இடத்துக்கு அருகில் வைத்து, ஜெனரேட்டரிலிருந்து வரும் மின்கேபிளை நீட்டுவதே நல்லது. கணக்கைப் பாருங்கள்: 25 மீட்டர் நீளமும் 2.5 சதுர மி.மீ. பரப்பும் கொண்ட செம்புக் கேபிளில் 20 ஆம்பியர் போனால் ஏறத்தாழ 7 வோல்ட் இழப்பு. 230 வோல்ட்டில் அது மூன்று சதவீதம். இதற்கு மாறாக, ராடைப் பிடிக்கும் ஹோல்டரின் கேபிளையும் எர்த் கேபிளையும் 16 சதுர மி.மீ. தடிமனில் பத்துப் பத்து மீட்டராக நீட்டினால், 100 ஆம்பியரில் 2.2 வோல்ட் இழப்பு. ஆர்க்கின் 24 வோல்ட்டில் அது ஒன்பது சதவீதம். அந்த இழப்பை ஈடுகட்ட மெஷின் ஜெனரேட்டரிடம் இன்னும் அதிகமாக இழுக்கும்.

மின்கேபிளுக்கு 25 மீட்டர் வரை 2.5 சதுர மி.மீ., அதற்கு மேல் 4 சதுர மி.மீ. என்பது நம்பத்தகுந்த அளவு. வீட்டில் கிடக்கும் 1.5 சதுர மி.மீ. எக்ஸ்டென்ஷனில் அதே 25 மீட்டரில் 12 வோல்ட் வரை போய்விடும். ஏற்கெனவே சுமையில் தொய்ந்திருக்கும் ஜெனரேட்டருக்கு இது தாங்காது. டிரம்மில் சுற்றிய கேபிளை முழுவதும் அவிழ்த்து விரியுங்கள். சுற்றியபடியே பயன்படுத்தினால் உள்ளடுக்குகள் ஆற வழியின்றி உறை இளகும்.

ஆறாம் படி: எர்த், நியூட்ரல், மின்கசிவுப் பாதுகாப்பு

சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் சுருளின் இரு முனைகளும் உடற்சட்டத்துடன் இணைக்கப்படாமல் தனித்திருக்கும். சிலவற்றில் நியூட்ரல் சட்டத்துடன் இணைக்கப்பட்டிருக்கும். உங்களுடையது எந்த வகை என்பதைக் கையேட்டில் பார்த்துவிடுங்கள். ஏனென்றால் தனித்த வகையில் மின்கசிவைக் கண்டு அணைக்கும் ஆர்.சி.டி. எதிர்பார்த்தபடி செயல்படாது. சோதனைப் பொத்தானை அழுத்தியதும் அது விழுந்தது என்பதைப் பாதுகாப்புக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. நியூட்ரலைச் சட்டத்துடன் இணைக்கும் வேலையை, மின்பணி தெரிந்தவரிடம், அந்த நாட்டின் விதிப்படி ஒப்படைக்க வேண்டும். கையேடு எர்த் கம்பி அடிக்கச் சொன்னால் அடித்தாக வேண்டும்.

வெல்டிங் எர்த் கிளாம்ப் வேறு விஷயம். அது பாதுகாப்பு எர்த் அல்ல, ஆர்க்கின் மின்னோட்டம் திரும்பிவரும் பாதை. துருவையும் பெயின்டையும் தேய்த்துப் பளபளக்கும் இரும்பில், வெல்டிங் செய்யும் இடத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் கடியுங்கள். ஜெனரேட்டர் நிற்கும் டிராலியையோ அதன் சட்டத்தையோ வெல்டிங் செய்ய வேண்டியிருந்தால், ஜெனரேட்டரை இறக்கி வைத்துவிட்டே தொடங்க வேண்டும். இல்லையேல் நூறு ஆம்பியர் மின்னோட்டம் பேரிங் வழியாகவோ மெல்லிய எர்த் வயர் வழியாகவோ பாதை தேடிக்கொள்ளும்.

ஜெனரேட்டரின் மின்சாரத்தை இரு முனையிலும் பிளக் வைத்த வயரால் வீட்டுச் சுவர் சாக்கெட்டுக்குள் செலுத்தி, அங்கிருந்து வெல்டிங் மெஷினை ஓட்டும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது வெளியே மின்கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைப் பறிக்கக்கூடிய செயல். எந்தச் சூழலிலும் கூடாது.

ஏழாம் படி: முதல் ஓட்டம்

எண்ணெய், எரிபொருள் அளவைப் பார்த்து, எதுவும் இணைக்காமல் எஞ்சினைத் தொடங்குங்கள். சோக்கைத் திறந்து, மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓட விட்டு, சத்தம் ஒரே சீராக வந்த பிறகு மல்டிமீட்டரால் சாக்கெட்டின் வோல்டேஜைப் பாருங்கள். சுமையில்லாத நிலையில் 230 முதல் 240 வரை நிலையாக நிற்க வேண்டும். அதிர்வெண் காட்டும் மீட்டராக இருந்தால் 51 அல்லது 52 ஹெர்ட்ஸ் காட்டுவது சாதாரண ஜெனரேட்டரில் இயல்பு. எண் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தால், கவர்னரோ கார்புரேட்டரோ சரியில்லை. அதைச் சரிசெய்யாமல் வெல்டிங் மெஷினைக் கொடுக்காதீர்கள்.

வெல்டிங் மெஷினின் சுவிட்ச் ஆஃப் நிலையில் இருக்கும்போதே பிளக்கைச் சொருகி, பிறகு சுவிட்சைப் போடுங்கள். குமிழைக் குறைந்த ஆம்பியரில் வைத்து, ‘ஹாட் ஸ்டார்ட்’ என்ற அமைப்பைப் பூஜ்யத்துக்கோ குறைந்த நிலைக்கோ கொண்டுவாருங்கள். ஆர்க் பிடிக்கும் கணத்தில் ராடு ஒட்டாமலிருக்க மின்னோட்டத்தைச் சற்று நேரம் கூடுதலாகத் தள்ளும் அந்த வசதி, ஜெனரேட்டர் ஏற்கெனவே திணறும் நொடியிலேயே இன்னும் பளுவை ஏற்றுகிறது. ஆர்க் மிகவும் குறுகும்போது மின்னோட்டத்தைக் கூட்டும் ‘ஆர்க் ஃபோர்ஸ்’ அமைப்பையும் மிதமாகவே வையுங்கள்.

இப்போது ஒருவர் கழிவு இரும்பில் வெல்டிங் செய்யட்டும்; இன்னொருவர் மீட்டரைப் பார்க்கட்டும். ஆர்க் பிடித்ததும் எஞ்சினின் சத்தம் ஒரு கணம் தாழ்ந்து, உடனே கனத்த குரலில் நிமிர வேண்டும். மீட்டரில் எண் சட்டென்று இறங்கி, ஓரிரு நொடிக்குள் மேலே ஏறி நிற்க வேண்டும். நின்ற அந்த எண் 210 க்குக் குறையாமல் இருந்தால் மனநிறைவுடன் தொடரலாம். ராடைத் தூக்கியதும் எண் எவ்வளவு உயர்கிறது என்பதையும் மறக்காமல் பாருங்கள். மெஷினின் கையேடு அனுமதிக்கும் மேல் எல்லையை, பொதுவாக 15 சதவீத உயர்வை, அதாவது 265 வோல்ட்டை அது நெருங்கினால் அந்த ஜெனரேட்டர் இந்த மெஷினுக்கு ஏற்றதன்று. சாதாரண மீட்டர் மிகக் குறுகிய எகிறலைக் காட்டாது என்பதால், உச்ச அளவைப் பிடித்து வைக்கும் வசதி உள்ள மீட்டர் இங்கே பெரிதும் உதவும்.

எல்லாம் சரி என்றால் ஐந்து, பத்து ஆம்பியராகக் கூட்டிக்கொண்டே போய், தேவையான அளவை அடையுங்கள். எஞ்சின் நிமிராமல் தாழ்ந்த குரலிலேயே இழுத்துக்கொண்டிருக்கும் புள்ளி வந்தால், அதற்குப் பத்து ஆம்பியர் கீழே இருப்பதுதான் உங்கள் எல்லை. அதைக் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை தேடத் தேவையில்லை.

எட்டாம் படி: வேலை நடக்கும்போது

ராடைக் கிழித்து ஆர்க் பிடித்ததும், கொஞ்சம் பொறுமையாக, குறுகிய ஆர்க்கில் பிடியுங்கள். ஆர்க்கை நீட்டினால் அதன் வோல்டேஜ் கூடும்; வோல்டேஜ் கூடினால் மெஷின் இழுக்கும் சக்தியும் கூடும். தொட்டுத் தொட்டு விடும் டேக் வெல்டிங்கை அடுத்தடுத்துச் செய்வதைவிட, டேக்குகளுக்கு நடுவே எஞ்சின் சமநிலைக்கு வர ஓரிரு நொடி கொடுப்பது ஜெனரேட்டருக்கு எவ்வளவோ நல்லது. 7018 வகை ராடுக்குச் சுமையில்லா வோல்டேஜ், அதாவது ஆர்க் பிடிக்கும் முன் மெஷின் தரும் வோல்டேஜ், 70 அளவுக்கு வேண்டும். சிறிய மெஷின்களில் அது குறைவாக இருந்தால் ராடு மீண்டும் பற்றத் தயங்கும். இதற்கு ஜெனரேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கிரைண்டரை அதே ஜெனரேட்டரில் ஓட்டலாம், ஆனால் வெல்டிங் நடக்கும் அதே நேரத்தில் வேண்டாம். கிரைண்டர் தொடங்கும்போது இழுக்கும் மின்னோட்டம் அதன் ஓட்ட அளவைப்போல் சில மடங்கு. ஒருவர் ராடு எரித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் கிரைண்டர் சுவிட்சைத் தட்டினால், ஆர்க் அணைந்து வெல்டிங்கில் ஓட்டை விழும். கிரைண்டரின் இரும்புத்தூளும் மெஷினின் மின்விசிறி வழியே உள்ளே போகாதபடி தள்ளி வேலை செய்யுங்கள். பலகையில் படியும் அந்தத் தூள் மின்சாரத்தைக் கடத்தும்.

தொல்லைகளை இப்படி இனம்காணலாம். ராடு திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டு, வெல்டிங் கோடு உயர்ந்து திட்டுத்திட்டாக நின்றால், வோல்டேஜ் தொய்கிறது என்று பொருள்: கேபிளையும் கிளாம்பையும் பார்த்துவிட்டு, ஒரு அளவு சிறிய ராடுக்கு மாறுங்கள். சில நிமிடங்கள் எரிந்த பிறகு ஜெனரேட்டரின் பிரேக்கர் விழுந்தால், விஏ கணக்கு எல்லை மீறியிருக்கிறது. ஆர்க் பிடித்த உடனே பிரேக்கர் விழுந்தால், ஹாட் ஸ்டார்ட் இன்னும் அதிகமாக இருக்கலாம். மெஷினின் மஞ்சள் விளக்கு எரிந்தால், அது சூட்டினாலும் இருக்கலாம், வோல்டேஜ் கோளாறாலும் இருக்கலாம். மின்விசிறியை ஓட விட்டுப் பத்து நிமிடத்தில் அணைந்தால் சூடு, உடனே மறைந்து மறைந்து வந்தால் பெரும்பாலும் வோல்டேஜ்.

ஒன்பதாம் படி: நிறுத்துதல்

எரிபொருள் தீர்ந்து எஞ்சின் தானாக அணையும்வரை வெல்டிங் செய்யாதீர்கள். கடைசி நொடிகளில் எஞ்சின் திணறி, எகிறி, மீண்டும் திணறும். வோல்டேஜும் அதனுடன் ஆடும். மெஷின்கள் பழுதாகும் நேரங்களில் இதுவும் ஒன்று. டேங்க் கால் பங்குக்கு வந்ததுமே வேலையை நிறுத்தி நிரப்புங்கள்.

வேலை முடிந்ததும் ஹோல்டரிலிருந்து ராடைக் கழற்றி, மெஷினின் மின்விசிறி ஓடி உட்புறம் ஆறும்வரை சில நிமிடம் விட்டு, முதலில் மெஷினின் சுவிட்சை ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே எஞ்சினை நிறுத்த வேண்டும். சுமையின்றி இரண்டு, மூன்று நிமிடம் ஓடினால் எஞ்சினும் ஜெனரேட்டரின் சுருளும் சீராக ஆறும். தொடங்கும்போதும் இதே வரிசைதான், தலைகீழாக: எஞ்சின் முதலில், மெஷின் கடைசியில்.

வெல்டிங்குக்குப் பயன்படும் எஞ்சினின் எண்ணெயைச் சற்று முன்கூட்டியே மாற்றுவது நல்லது. புதிய எஞ்சினில் முதல் 20 மணி நேரத்திலும், அதன் பிறகு கையேடு 100 மணி நேரம் என்று சொன்னால் 50 மணி நேரத்திலும் மாற்றலாம். காற்று வடிகட்டியை ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் திறந்து பாருங்கள்; கிரைண்டிங் தூசி அதை வெகு விரைவில் அடைத்துவிடும், அடைபட்ட எஞ்சினால் ஆர்க் பிடிக்கும் கணத்தில் நிமிர முடியாது. நீண்ட நாள் ஓட்டப்போவதில்லை என்றால் கார்புரேட்டரில் நிற்கும் பெட்ரோலை வடித்துவிட்டு, வெல்டிங் மெஷினின் மூடியில் உள்ள காற்றுத் துளைகளை மெதுவான காற்றால் ஊதி, கேபிள் முனைகள் தளர்ந்திருந்தால் இறுக்கி வையுங்கள்.